கேட்டலினா 22 படகில் பெரிய பாயை ஏற்றுவது: சில பருவங்களின் அனுபவம்

ஒன்டாரியோ ஏரியில் கேட்டலினா 22 என்ற சிறிய பாய்மரப் படகு, பழையது ஒன்றைப் பல பருவங்களாக ஓட்டி வருகிறேன். வாங்கிய புதிதில் பெரிய பாயை, அதாவது பாய்மரத்தை ஒட்டி ஏறும் முதன்மைப் பாயை ஏற்ற, கயிற்றில் தொங்கி இழுக்க வேண்டியிருக்கும். இப்போது கடைசி ஓரடிக்குத்தான் முழுப் பலம் தேவைப்படுகிறது.

பாயின் முன்விளிம்பு சுமார் 21 அடி. துணி பெரிய பாரமே இல்லை, சிரமம் எல்லாம் உராய்வுதான். அதிலும் முக்கால்வாசி, பாயின் விளிம்பு ஏறி இறங்கும் பாய்மரத்தின் நீளப் பள்ளமான காடிக்குள். குளிர்காலத்தில் மரத்தை இறக்கி வைத்திருக்கும்போது, உதிரி ஸ்லக் (பாயின் முன்விளிம்பில் பொருத்தி, காடிக்குள் ஓடும் சிறு துண்டு) ஒன்றில் துணியைச் சுற்றி, இரு பக்கமும் சணல் கட்டி, காடி முழுக்க இழுத்துத் துடைப்பேன். முதலில் சோப்புத் தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு மெக்லூப் செயில்கோட். ஈரப்பசை இல்லாத மசகு என்பதால் தூசி ஒட்டுவதில்லை. கிரீஸ் வேண்டவே வேண்டாம். அழுக்கைச் சேர்த்து பாயையும் கறையாக்கும். ஸ்லக் நுழையும் வாயில் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெயிலில் வெளிறி வெடித்த ஸ்லக்குகளைத் தயங்காமல் மாற்றுங்கள். ஒன்று சிக்கினாலே பாய் நின்றுவிடும்.

அப்புறம் ஹாலியார்ட், அதாவது பாயை ஏற்றும் கயிறு. பழைய படகுகளில் பாதி கம்பி, பாதி கயிறாக வரும். முழுக்கக் கயிறாக மாற்றுவது கைக்கு நல்லது. ஆனால் உச்சிக் கப்பியையும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்பிக்கான குறுகிய பள்ளம் கயிற்றை அரித்துவிடும். நான் போட்ட 8 மி.மீ. கயிறு இன்னும் நன்றாகவே இருக்கிறது.

பாயின் தலையில் இன்னொரு கப்பி வைத்து சுமையைப் பாதியாக்கும் முறையை நண்பர் படகில் பார்த்தேன். 21 அடிக்கு 42 அடி இழுக்க வேண்டும், இறக்கும்போதும் அத்தனை கயிறும் ஓடி முடிய வேண்டும். இந்த அளவு படகுக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. ஸ்லக்குகளுக்குப் பதிலாகப் போடும், பந்து தாங்கி (பால் பேரிங்) வைத்த வண்டிகளும் பெரிய படகுகளுக்குத்தான்.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, பாயின் அடியில் கிடையாக இருக்கும் பூம் என்ற கழியை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட், வாங் இரண்டையும் நன்றாகத் தளர்த்திவிட்டு ஏற்றுங்கள். பாயில் காற்று பிடித்துவிட்டால் எந்த மசகும் உதவாது.

எனக்குப் பெரிய லாபம் இறக்குவதில்தான். கோடையில் இடிமேகம் திடீரென்று திரளும்போது, கயிற்றை விட்டதும் பாய் தானாகவே பூம் மேல் வந்து விழுகிறது. பாய்மரத்தின் அடிக்குப் போய்ப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.