மாண் தீவின் இரட்டைப் புள்ளடி: மூதூருக்குப் பொருந்துமா?

கட்சிப் பட்டியலுக்குள் ஆளைக் குறிக்கும் விருப்பு வாக்கை ஒழித்துவிட்டு, தொகுதிக்கு ஆளைப் பார்த்துப் போடும் முறைக்கே திரும்ப வேண்டும் என்ற பேச்சு திருகோணமலையில் தேர்தலுக்குத் தேர்தல் எழும். கட்சியைப் பாராமல் ஆளைப் பார்த்து வாக்களிப்பதே வழக்கமாகிவிட்ட ஒரு இடம் ஐரியக் கடலில் இருக்கிறது. மாண் தீவு என்று பெயர். அதன் நாடாளுமன்றத் தேர்தலை, வாக்காளருக்குக் கிடைக்கும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, எங்கள் மாவட்டத்து வாக்குச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் அளவு. தீவின் பரப்பு 572 சதுர கிலோமீற்றர். திருகோணமலை மாவட்டம் 2,727. அதாவது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் அந்தத் தீவு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை 84,069. பிரித்தானிய முடிக்குக் கீழ்ப்பட்டது, ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. வெஸ்ட்மினிஸ்டருக்கு உறுப்பினர் அனுப்புவதில்லை. பாதுகாப்பும் வெளிவிவகாரமும் லண்டனின் பொறுப்பு. வரி, சுகாதாரம், கல்வி போன்றவை டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றத்தின் கையில். அதன் மக்கள் அவை கீஸ் சபை, 24 உறுப்பினர். மற்றது சட்டநிரூபண சபை. அதன் 11 பேரில் 8 பேரைக் கீஸ் சபை தெரிவுசெய்கிறது, மக்கள் நேரே வாக்களிப்பதில்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் உள்ள எங்கள் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் நான்கு ஆசனம். அங்கே ஒரு உறுப்பினருக்கு மூவாயிரத்து ஐந்நூறு பேர். வேட்பாளர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது பெரிய காரியமே இல்லை.

தேர்தல் நாள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, செப்டெம்பர் மாதத்து நான்காவது வியாழன். 2016 செப்டெம்பர் 22, 2021 செப்டெம்பர் 23, அதன்படி அடுத்தது 2026 செப்டெம்பர் 24. இந்த ஒரு விஷயத்துக்கே நிறையப் புள்ளி கொடுக்கலாம். இங்கே 2024இல் செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், 24ஆம் திகதி நாடாளுமன்றக் கலைப்பு, நவம்பர் 14 வாக்கெடுப்பு. கிழக்கு மாகாண சபையின் கதையோ இன்னும் மோசம்: 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது, பிறகு பல ஆண்டுகள் தேர்தல் என்ற சத்தமே இல்லை. வராத பஸ்ஸின் இருக்கை வசதியைப் பற்றி என்ன எழுதுவது?

வாக்குரிமை 16 வயதிலிருந்து. 2006 தேர்தலில் இருந்து இது நடைமுறையில் உள்ளது. தீவில் 12 மாதம் வசித்திருக்க வேண்டும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்பதில்லை. சொத்துள்ள பெண்களுக்கு 1881இலேயே வாக்கு கொடுத்தவர்கள் என்ற பெருமையும் உண்டு. ஆனால் சொத்து நிபந்தனை இல்லாமல் வயதுவந்தோர் எல்லோருக்கும் கொடுக்க 1919 வரை சென்றது. இலங்கையில் 1931, இடைவெளி பன்னிரண்டு ஆண்டுதான் என்பதைத் தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள் கவனிக்கலாம்.

இனி வாக்குச்சீட்டு. தீவு 12 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது, தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். தலைநகர் டக்ளஸ் மட்டும் நான்கு தொகுதி. சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இருக்கும். இரண்டு பெயருக்கு நேரே ஒவ்வொரு புள்ளடி (X) போடலாம். ஒன்று மட்டும் போட்டாலும் செல்லும். மூன்று போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். இரண்டு வாக்கையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கொடுக்க வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் மாவட்டத்து மூதூர்த் தொகுதிக்கு வரும்போது தேவைப்படும். எண்ணி முடித்ததும் முதல் இரண்டு இடத்தில் நிற்பவர்கள் உறுப்பினர்கள். கணக்கு அவ்வளவே.

எங்கள் நாடாளுமன்ற வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது. மேலே கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயர் மூன்று மொழியில், சின்னம், வெற்றுப் பெட்டி. கீழே வெறும் இலக்கங்கள். ஆசனத்தோடு மூன்றைக் கூட்டி வேட்பாளர் நிறுத்துவது விதி என்பதால் திருகோணமலையில் பட்டியலுக்கு ஏழு பேர், இலக்கம் 1 முதல் 7. முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. பிறகு அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் ஒன்றிலோ இரண்டிலோ மூன்றிலோ புள்ளடி. எல்லாக் கட்சிக்கும் இலக்கம் பொதுவானது என்பதால் 4ஆம் இலக்கம் யாரைக் குறிக்கிறது என்பதை மேலே போட்ட புள்ளடிதான் தீர்மானிக்கும்.

இந்தச் சீட்டு எங்கே பிழைக்கிறது என்றால், இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் முழுச் சீட்டும் போய்விடும். கட்சிப் பெட்டியை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் போட்டாலும் பயனில்லை. கட்சி வாக்கு இல்லாமல் விருப்பு வாக்கு நிற்காது. மூன்றுக்கு மேல் விருப்பு இலக்கம் குறித்தால் விருப்பு வாக்கு கழியும், கட்சி வாக்கு தப்பும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதிப் பழகிய கை, இரண்டு மாதத்துக்குள் வந்த நாடாளுமன்றத் தேர்தலில் புள்ளடிக்கு மாற வேண்டியிருந்தது. தடுமாற்றம் வராமல் என்ன செய்யும். விருப்பு இலக்கம் எதையும் குறிக்காமல் வருபவர்களோ, யார் போவது என்ற தீர்மானத்தைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள்.

வாக்காளர் கையில் எது சுலபம் என்று மட்டும் பார்த்தால் மாண் தீவின் சீட்டு வெகு தூரம் முன்னால் நிற்கிறது. பெயர் தெரிகிறது, பிழைக்க இடம் குறைவு.

தனியாளாகப் போட்டியிடும் வசதியிலும் அவர்களே மேல். இங்கே தனி ஒருவர் சுயேச்சையாக நிற்க முடியாது. ஏழு பேரைத் திரட்டிக் குழுவாக வர வேண்டும், ஆளுக்கு 2,000 ரூபா வீதம் 14,000 ரூபா கட்டுப்பணம் செலுத்த வேண்டும். தொகை சிறிது, ஏழு பேரில் ஐந்து பேர் பெயரளவுக்கு இருப்பதும், சீட்டு முழம் முழமாக நீளுவதும்தான் விளைவு. அங்கே தனி மனிதர் தன் பெயரிலேயே நிற்கிறார். 2021இல் தெரிவான 24 பேரில் 21 பேர் சுயேச்சைகள். தொழிற்கட்சிக்கு இரண்டு, லிபரல் வானின் கட்சிக்கு ஒன்று.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்கிப் பாவித்த பிறகு தெரியும் குறை இங்கேதான். வாக்களிக்கும் நாளில் யார் ஆட்சியமைப்பார், எந்தக் கொள்கையோடு என்று எவருக்கும் தெரியாது. முதலமைச்சரைத் தேர்தல் முடிந்த பிறகு கீஸ் சபை தனக்குள் தெரிவுசெய்கிறது. 2021 ஒக்டோபரில் அல்ஃப்ரெட் கனன் அப்படித்தான் வந்தார். இருபத்து நான்கு தனித்தனி விஞ்ஞாபனங்களில் எதைக் காட்டி அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பது? அமைச்சர் பதவி கிடைக்காத உறுப்பினர்களிலும் பெரும்பாலோர் ஏதாவது திணைக்களத்தில் ஒரு பொறுப்போடு இருப்பார்கள். அரசாங்கத்தை எதிர்த்துக் கேட்க வேண்டியவரே அதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் லோர்ட் லிஸ்வேன் 2016இல் டின்வால்ட் பற்றிக் கொடுத்த அறிக்கையிலும் இது ஆராயப்பட்டது. 2021இல் வாக்களித்தவர்கள் பாதியைச் சற்றே தாண்டினார்கள். எதைத் தெரிவுசெய்கிறோம் என்று தெரியாத தேர்தலுக்கு அது ஒன்றும் அதிசயமான எண்ணிக்கை அல்ல.

இரட்டைப் புள்ளடிக்குள் ஒரு பொறியும் உண்டு. உங்களுக்கு மிகப் பிடித்தவர் ஒருவர், பரவாயில்லை என்ற அளவில் இன்னொருவர். இருவருக்கும் போட்டால் இரண்டும் சம எடை. பரவாயில்லை என்று போட்ட அந்த வாக்கே பிடித்தவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விடுவார்கள். முன்னுரிமை வரிசையில் இலக்கமிட்டு வாக்கை மாற்றிச் செல்லும் முறையை அந்தத் தீவு 1986, 1991 தேர்தல்களில் பாவித்தது, பிறகு கைவிட்டது. 2016க்கு முன்பு ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர், இன்னொன்றுக்கு மூன்று என்று இருந்ததால், அயலூர்க்காரருக்கு மூன்று வாக்கு, உங்களுக்கு ஒன்று என்ற அநியாயமும் இருந்தது. 12 தொகுதிக்கும் இரண்டிரண்டு என்று சமப்படுத்தியது நல்ல திருத்தம்.

இப்போது மூதூர். இரட்டை அங்கத்தவர் தொகுதி எங்களுக்குப் புதிதல்ல. 1960 மார்ச் முதல் 1977 வரை மூதூர் அப்படிப்பட்ட தொகுதியாகவே இருந்தது. 1970இல் தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீதும் அங்கிருந்து சேர்ந்தே நாடாளுமன்றம் போனார்கள். வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஆனால் மாண் தீவில் இல்லாத ஒன்று அந்தச் சட்டத்தில் இருந்தது: விரும்பினால் இரண்டையும் ஒருவருக்கே போடலாம்.

இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 50,000 வாக்காளர், ஒரு சமூகம் 26,000, அடுத்தது 16,000, மூன்றாவது 8,000. ஒவ்வொன்றும் தன் ஆளுக்கே போடுகிறது. மாண் தீவு விதியில் பெரிய சமூகம் இரண்டு பேரை நிறுத்தினால் இருவருக்கும் 26,000 வீதம் விழும். இரண்டு ஆசனமும் அங்கே. 16,000 பேருக்கு ஒன்றும் இல்லை. பழைய மூதூர் விதியில் 16,000 பேரும் ஒரே வேட்பாளரை நிறுத்தி இரண்டு வாக்கையும் கொடுத்தால் 32,000. பெரிய சமூகத்திடம் மொத்தம் 52,000 வாக்கு. இரண்டு ஆளையும் 32,000க்கு மேலே ஏற்ற 64,000 தேவை, அது இல்லை. ஆளுக்கொரு ஆசனம். ஆனால் 8,000 பேர் பெரிய பக்கத்தோடு சேர்ந்தால் 68,000 ஆகி, இரண்டும் அங்கே போய்விடும். மூன்றில் ஒன்றுக்கு மேல் வாக்கு உள்ளவருக்குத்தான் இந்த விதி உறுதியான காப்பு; 32 சதவீதம் என்றால் மற்றவர்கள் கூட்டுச் சேராத வரை மட்டும்.

மாண் தீவின் சீட்டு அங்கே சச்சரவில்லாமல் ஓடுவதற்குக் காரணம் சீட்டின் திறமை அல்ல. அங்கே வாக்கு இன அடிப்படையில் திரள்வதில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டத்தில் அதே சீட்டை இறக்கினால், ஒவ்வொரு தொகுதியிலும் முதல் இடத்தில் இருக்கும் சமூகம் இரண்டு ஆசனத்தையும் அள்ளிக்கொள்ளும்.

அதற்கு எதிரே எங்கள் விகிதாசாரக் கணக்கை வையுங்கள். செல்லுபடியான வாக்கு 200,000 என்று கொள்வோம்: முதற் கட்சி 90,000, இரண்டாவது 54,000, மூன்றாவது 36,000, ஐந்து சதவீதம் தாண்டாத சில்லறைகள் எல்லாம் சேர்ந்து 20,000. முதற் கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. சில்லறையைக் கழித்தால் 180,000. மீதி மூன்று ஆசனத்தால் வகுத்தால் 60,000. முதற் கட்சி அந்த எண்ணைத் தாண்டியதால் இன்னொன்று, மிச்சம் 30,000. மீதி இரண்டு ஆசனமும் பெரிய மிச்சம் உள்ள 54,000க்கும் 36,000க்கும். இரண்டு, ஒன்று, ஒன்று. 2024இல் மாவட்டம் பிரிந்ததும் அப்படியே: தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. வாக்காளர் தலையைச் சொறிய வைக்கும் கணக்குத்தான், ஆனால் எவரையும் முழுதாக வெளியே தள்ளுவதில்லை. சில்லறைக் குழுக்கள் பெருகினால் வாக்கு வீணாகும் என்பது உண்மை. ஒரே சமூகத்துக்குள் மூன்று பட்டியல் போட்டுப் பிரிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும்.

ஆசனம் வெற்றிடமானால்? அங்கே இடைத்தேர்தல், மக்கள் மறுபடியும் போடுகிறார்கள். இங்கே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குக்காரர். 2024 ஜூன் 30இல் மாவட்ட உறுப்பினர் இரா. சம்பந்தன் காலமானபோது, ச. குகதாசன் அந்த வழியில்தான் அடுத்த மாதம் உறுப்பினரானார். செலவில்லை, தாமதமில்லை. நான்கு ஆண்டுக்கு முன் பலர் வெறுமையாக விட்ட அந்த இலக்கப் பெட்டிகள் அன்றைக்குத்தான் வேலை செய்தன. இடைத்தேர்தல் நியாயமானது என்றாலும், நான்கு ஆசனமுள்ள மாவட்டத்தில் ஒரு ஆசனத்துக்குத் தனியாக நடத்தினால் அது பெரிய கட்சிக்கே போகும்.

அப்படியே இறக்குமதி செய்யத் தகுந்த ஒன்று உண்டு. ஜூலை 5ஆம் திகதி சென் ஜோன்ஸ் என்ற ஊரில் டின்வால்ட் குன்றின் மேல் திறந்த வெளியில் நாடாளுமன்றம் கூடுகிறது. புதிய சட்டங்களின் சுருக்கம் ஆங்கிலத்திலும் தீவின் சொந்த மொழியான மாங்ஸிலும் வாசிக்கப்படும். நிறைவேறிய சட்டம் 18 மாதத்துக்குள் அங்கே அறிவிக்கப்படாவிட்டால் வலுவிழக்கும். அதே நாளில் குறையுள்ள எவரும் மனுவைக் குன்றடிக்குக் கொண்டுபோய்த் தம் கையாலேயே கொடுக்கலாம். மனு ஒழுங்காக இருந்தால் பிறகு எந்த உறுப்பினரும் அதை எடுத்து டின்வால்ட் பரிசீலிக்கும்படி கேட்கலாம். எவரும் எடுக்காவிட்டால் அங்கேயே தங்கிவிடும். இங்கே பொது மனுக்கள் குழுவுக்கு மனு போக வேண்டுமென்றால் முதற்படியிலேயே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சமர்ப்பிக்க வேண்டும். அவருடைய அலுவலக வாசலில் காத்திருப்பதில் தொடங்குகிறது எங்கள் வரிசை.