தமிழ்ச் செயலியில் ரியாக்ட் நேட்டிவ் பேப்பர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

திரை முழுக்கத் தமிழாக இருக்கும் செயலிக்கு இந்த லைப்ரரியை நம்பி எடுக்கலாம். ஆனால் ஃபான்ட் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. ரியாக்ட் நேட்டிவில் எழுதும் மொபைல் செயலிகளுக்குப் பட்டன், எழுதும் கட்டம் போன்ற திரைப் பாகங்களை (காம்பொனென்ட்) ஆயத்தமாகத் தரும் இது, கால்ஸ்டாக் நிறுவனம் எம்ஐடி உரிமத்தில் தரும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதவும், நேரு வீதிக் கடைகளில் பில் போடவும் ஓடும் செயலிகளை வைத்து எழுதுகிறோம்.

முதல் தொல்லை எழுத்து வெட்டுப்படுவது. இந்த லைப்ரரி பின்பற்றும் மெட்டீரியல் 3 என்ற கூகுள் வடிவமைப்பு விதிகளின் கணக்கில் பட்டன் எழுத்தின் அளவு 14, வரி உயரம் 20. ஆங்கிலத்துக்கு அது தாராளம். ‘நூறு ரூபாய்’ என்று போட்டால், ஃபான்டைப் பொறுத்து, வால் கீழே நறுக்கப்படும். புள்ளியும் மேலே இடிக்கும். ஃபான்ட் அமைப்பை மாற்ற லைப்ரரி தரும் கான்ஃபிகர்ஃபான்ட்ஸ் ஃபங்ஷன் வழியாக 14-க்கு 22, 16-க்கு 26 என்று வரி உயரத்தை ஏற்றுங்கள். லெட்டர் ஸ்பேசிங்கை (எழுத்து இடைவெளி) எல்லா அளவிலும் 0 ஆக்குங்கள். சிறிய எழுத்துகளுக்கு அது 0.4, 0.5 வரை போகிறது, தமிழ்ச் சொல் உதிர்ந்து தெரியும். 11 அளவை அடியோடு தவிர்ப்பதே நல்லது.

அதே இடத்தில் இன்னொன்று. பட்டன் எழுத்தின் தடிமன் 500. நோட்டோ சான்ஸ் தமிழின் ரெகுலர் ஃபைலை மட்டும் சேர்த்துவிட்டு இந்த 500-ஐ அப்படியே விட்டால், ஆண்ட்ராய்டில் நாம் நினைத்த தடிமன் வராது. மீடியம் ஃபைலைத் தனியாகச் சேர்த்து, அதன் பெயரையே ஃபான்ட் ஃபேமிலியாகக் கொடுத்து, தடிமனை நார்மல் என்று வையுங்கள். ஐஓஎஸ்ஸில் சரியாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம்.

பெயர் எழுதும் கட்டத்தில் நீள வரம்பு வைக்கும் மேக்ஸ்லெங்த் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு அலகை. ‘புதுச்சேரி’ நம் கண்ணுக்கு 5 எழுத்து, அதற்கு 10. வரம்பு 8 என்றால் ‘புதுச்சே’ வரை நிற்கும். 7 என்றால் ‘புதுச்ச’ என்று மொட்டையாகும். 20 என்று வைத்த இடத்தில் 40 வையுங்கள். வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்தை வட்டத்தில் காட்டும் அவதார் டெக்ஸ்ட்டிலும் இதே கதை. கொடுத்ததை அது அப்படியே காட்டும். வெட்டிக் கொடுப்பது நம் பொறுப்பு. முதல் அலகை மட்டும் எடுத்தால் கோவிந்தன் ‘க’ ஆகிவிடுவார். பின்னால் வரும் துணைக்குறியையும் புள்ளியையும் சேர்த்து எடுக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்று போதும்.

வண்ணங்கள் அறைக்குள் அழகு. துறைமுக வெயிலில், செயலிழந்த பட்டனின், 38 சதவீத அழுத்தத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்து கண்ணில் படவே படாது. தீமில் (நிறம், ஃபான்ட் அமைப்புகளின் தொகுப்பு) ஆன்சர்ஃபேஸ் டிஸ்ஏபிள்டு நிறத்தை 60 சதவீதத்துக்கு ஏற்றினால் தேவலை. ஈரக் கைக்கு ஐகான் பட்டனை 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அகல உயரமாக்கிவிடுங்கள். ஐந்து டேப் போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள்: 360 டிபி திரையில் ஒன்றுக்கு 72 தான் கிடைக்கும், ‘அறிவிப்புகள்’ அதில் நெருக்கும்.

ஆவணங்களுக்குத் தனியாக ஒரு சபாஷ். ஒவ்வொரு காம்பொனென்ட்டின் விளக்கமும் அதன் சோர்ஸ் ஃபைலிலேயே கமென்டாக இருக்கிறது. ப்ராப் (காம்பொனென்ட்டுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு) டைப்புக்கு மேலே எழுதிய வரிதான் தளத்தில் அட்டவணையாகிறது. அதனால் கோடும் விளக்கமும் ஒன்றையொன்று விட்டு விலகுவது குறைவு. குறை என்னவென்றால், உதாரணங்கள் எல்லாமே குட்டி ஆங்கிலச் சொற்கள். நீளமான லேபிள், வால் எழுத்து, இரண்டு வரிக்கு மடங்கும் தலைப்பு எதுவும் அங்கே கண்ணில் படாது. லைப்ரரிக்குத் திருத்தம் அனுப்புகிறவர்கள் கமென்டைத் திருத்துவதோடு நிற்காமல், எக்ஸாம்பிள் செயலியில் ‘நூறு ரூபாய்’ போட்ட ஒரு பட்டனையும் சேர்த்து, முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கு எது வெட்டுப்பட்டது என்று வார்த்தையில் விளக்கி முடியாது. அந்த இடத்தில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். ஸ்டைலில் ஓர் எண்ணை மாற்றினாலே முன்பு சேமித்த வெளியீட்டோடு ஒப்பிடும் ஜெஸ்ட் ஸ்னாப்ஷாட் சோதனை தோற்கும். வித்தியாசத்தைப் படித்துப் பார்த்த பிறகே ஸ்னாப்ஷாட்டைப் புதுப்பியுங்கள்.

பழைய பதில்களைத் தேடி ஒட்டுகிறவர்கள் கவனிக்க: 2022-இல் வந்த 5-ஆம் பதிப்பில் டைட்டில், பாராகிராஃப், கேப்ஷன் ஆகியவை ஓரங்கட்டப்பட்டு, டெக்ஸ்ட்டின் வேரியன்ட்களாகிவிட்டன. ஆக்சென்ட் நிறமும் போய்விட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாதென்றால் பழைய மெட்டீரியல் 2 தோற்றம் தரும் எம்டி2 தீமை வைத்துக்கொண்டு திரை திரையாக நகருங்கள். செயலியின் அளவைக் குறைக்க லைப்ரரி தரும் பேபல் ப்ளகினைப் ப்ரொடக்‌ஷன் பகுதியில் மட்டும் சேர்த்து, கோடைத் தொகுக்கும் மெட்ரோ கருவியின் கேஷை ஒருமுறை துடைத்த பிறகு பில்டு எடுங்கள்.