கெட்டிப்பால் டின்னும் உலகப் பேரவையும்

பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படிப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு சிறிய மசாலாத் தொழிற்சாலை. மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், ரசப்பொடி. அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்ததும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, 'கெதும்பார்' (மலாயில் கொத்தமல்லி) என்ற சொல்லில் ஓர் எழுத்து குறைகிறதா, நிகர எடை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, காலாவதித் தேதிக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பதினேழு வருடமாக இதே வேலை. இப்படிப்பட்டவன் இரவு ஒன்பது மணிக்கு மேல் கணினி முன் உட்கார்ந்து உணவு லேபிள் சட்டம் எழுதுகிறான் என்றால் மனைவி சிரிக்காமல் என்ன செய்வாள்?

விளையாட்டின் பெயர் நேஷன்ஸ்டேட்ஸ். அறிமுகப்படுத்தியவள் என் அக்கா மகள். கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறாள். விடுமுறைக்குப் பட்டர்வொர்த் வந்தபோது, "மாமா, உங்களுக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது" என்று கைப்பேசியை நீட்டினாள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பாரி தன் நாவலுக்கு விளம்பரமாக 2002இல் தொடங்கியது இது. இலவசம். துப்பாக்கி வெடிக்காது, கார் பறக்காது. முழுக்க முழுக்க எழுத்து. நாட்டுக்கு ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு நாணயம், ஒரு தேசிய விலங்கு வைத்துக்கொள்ளலாம். என் நாடு கெதும்பார், நாணயம் புளி, விலங்கு கீரி. நாள்தோறும் உங்கள் மேசைக்குப் பிரச்சினைகள் வரும். நீங்கள் எடுக்கும் முடிவுக்கேற்பப் பொருளாதாரமும் குடிமை உரிமைகளும் அரசியல் சுதந்திரமும் ஏறி இறங்கும். அந்தப் பகுதியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஒட்டிக்கொண்டது, நாடுகள் கூடிச் சட்டம் இயற்றும் உலகப் பேரவையில்.

பேரவைக்கு முதலில் ஐக்கிய நாடுகள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். உண்மையான ஐ.நா. ஆட்சேபம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியதால் 2008இல் பெயர் மாறியது. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒருவர் எத்தனை நாடுகள் வைத்திருந்தாலும் ஒன்றைத்தான் சேர்க்கலாம். அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறினால் உறுப்பு நாடுகள் அனைத்தின் எண்களும் அந்த நொடியே மாறும். தீர்மானத்தை எழுதுபவர்கள் நம்மைப் போன்ற ஆட்டக்காரர்கள்தான்.

என் சட்டம் பிறந்தது தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் விற்கும் கடையில். படகுத்துறைக்குப் பக்கத்தில் வழக்கமாக நான் நிற்கும் கடை. கடைக்கார அண்ணன் கெட்டிப்பால் டின்னில் இரண்டு துளை போட்டுக் கவிழ்த்தார். கெட்டியாக, மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறத்தில், கயிறு போல இறங்கியது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? டின்னைத் திருப்பிப் படித்தேன். 'கிரிமர் மானிஸ்'. இனிப்பூட்டிய கிரீமர். பால்கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பாமாயில். பாலைக் குறிக்கும் 'சூசு' என்ற மலாய்ச் சொல் அந்த டின்னில் பெயராக எங்கும் இல்லை. கடைக்காரரும் சரி, குடிக்க வந்தவர்களும் சரி, நானும் சரி, எல்லோரும் அதைப் 'பால்' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். டின்காரர்களிடம் பொய் இல்லை. சட்டப்படி சரியான பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். படிக்காதது நாம். அன்று இரவே கெதும்பார் நாட்டின் சார்பில் ஐந்து பிரிவுகள் எழுதினேன். பால்கொழுப்பை வேறு கொழுப்பால் மாற்றிய எந்தப் பொருளும் அதை முன்பக்கத்திலேயே, பொருளின் பெயருக்கு இணையான எழுத்தளவில் சொல்ல வேண்டும். இதுதான் சாரம்.

எழுதி முடித்து, சமர்ப்பிக்கும் பக்கத்துக்குப் போனால் ஒரு பட்டியல் கீழே விரிகிறது. எந்த வகை? சுகாதாரம், தடையற்ற வணிகம், ஒழுங்குமுறை, சமூக நீதி, சுற்றுச்சூழல், குடிமை உரிமைகள், ஒழுக்கநெறி என்று நீள்கிறது. சில வகைகளுக்கு அடுத்தபடியாக வலிமையைக் கேட்கும்: லேசானதா, குறிப்பிடத்தக்கதா, கடுமையானதா. சிலவற்றுக்குத் துறையைக் கேட்கும். ஒழுங்குமுறையைத் தொட்டால் நுகர்வோர் பாதுகாப்பு, பணியிட உரிமை என்று உட்பட்டியல் வரும். நான் யோசிக்கவே இல்லை. சுகாதாரத்தைத் தட்டினேன்.

ஏன் என்று கேட்டால் பழக்கதோஷம். மலேசியாவில் உணவு லேபிள் என்றாலே 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள். இரண்டும் சுகாதார அமைச்சின் கையில். பதினேழு வருடம் அந்த அமைச்சின் விதிகளைப் பார்த்தே பொட்டலம் அச்சடித்தவனுக்கு வேறு வகை எப்படித் தோன்றும்?

இரண்டாம் நாள் ஒரு தந்தி வந்தது. இந்த விளையாட்டில் கடிதத்துக்குத் தந்தி என்றுதான் பெயர். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும். முகம் தெரியாத ஓர் ஆட்டக்காரர் மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்: உங்கள் ஐந்து பிரிவுகளில் எது ஒரு மருத்துவருக்குச் சம்பளம் தருகிறது? எது ஒரு மருந்தகத்தைத் திறக்கிறது? எனக்குச் சுருக்கென்றது. விதிகளைப் பார்க்கும் செயலகத்தாரும் வகை பொருந்தவில்லை என்று முத்திரை குத்தினார்கள். சட்டம் வாக்கெடுப்புக்கே போகவில்லை. தவறு முழுக்க என்னுடையது. விதிகள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. டின்னைப் படிக்காதவர்களைப் பார்த்து விரல் நீட்டியவனுக்கு இது தேவைதான்.

கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. பிறகுதான் விளங்கியது. விளையாட்டின் இயந்திரம் நாம் எழுதும் சட்டத்தைப் படிப்பதில்லை. அதற்குப் பாலும் தெரியாது, பாமாயிலும் தெரியாது. பட்டியலில் நாம் தட்டும் வகை ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதை வைத்துத்தான் எல்லா நாடுகளின் எண்களையும் அசைக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் படிக்க வேண்டியவர்கள் மனிதர்கள். எழுத்தும் வகையும் ஒத்துப்போகிறதா என்று காவல் இல்லாவிட்டால், டின் லேபிளைப் பற்றி எழுதிவிட்டு ஆயிரக்கணக்கான நாடுகளின் மருத்துவச் செலவை ஏற்றிவிடலாம். உள்ளே இருப்பது ஒன்று, மேலே ஒட்டியிருப்பது இன்னொன்று. நான் தொழிற்சாலையில் எதற்காகச் சம்பளம் வாங்குகிறேனோ அதே வேலையை அந்தச் செயலகத்தார் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த வாரம் எங்கள் சமையலறை மேசை பேரவையாகிவிட்டது. அக்கா மகள் அலமாரியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைப்பாள்; வகை சொல்ல வேண்டும்.

முதலில் கச்சான் மிட்டாய். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு துண்டு போதும், மூச்சு அடைத்துவிடும். நம் நாட்டு விதிமுறைகளும் கோதுமை போன்ற பசையம் உள்ள தானியங்கள், கடலையும் சோயாவும் உட்பட்ட கொட்டைகள், மீன், பால், முட்டை ஆகியவற்றைச் சொல்லியே தீர வேண்டும் என்கின்றன. "இதுவாவது சுகாதாரம்தானே மாமா?" என்றாள். இல்லை என்றேன். காப்பாற்றப்படுவது உயிர்தான், ஆனால் கட்டாயப்படுத்தப்படுவது யார்? மிட்டாய் செய்கிறவர். அச்சுச் செலவு யாருக்கு? அவருக்கு. அரசாங்கத்தின் மருத்துவச் செலவில் ஒரு காசு கூடவில்லை. ஆகவே ஒழுங்குமுறை. அதற்குள் நுகர்வோர் பாதுகாப்பா, பொதுவான பாதுகாப்பா என்பதில் எங்களுக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.

அடுத்தது பிறந்த நாட்டு விவரம் போட்ட ஓர் இறைச்சி டின். அவள் உடனே தடையற்ற வணிகம் என்றாள். இங்கேதான் அவள் படித்த படிப்பே அவளைக் கவிழ்த்தது. அமெரிக்கா மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் பிறந்த நாட்டு லேபிளைக் கட்டாயமாக்கியபோது கனடாவும் மெக்சிகோவும் உலக வணிக அமைப்புக்குப் போயின. 2015 டிசம்பரில் பதிலடி வரி விதிக்க அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. வெறும் ஒரு வரி லேபிள்தான். அது வணிகத்தைத் திறக்கவில்லை, இடறிவிட்டது. விளையாட்டிலோ தடையற்ற வணிகம் என்ற வகைக்கு ஒரு திசைதான் உண்டு: வணிகத்தைத் தளர்த்துவது. எல்லா நாட்டு லேபிளையும் ஒரே அச்சில் கொண்டுவந்து, துறைமுகத்தில் மறுபடி ஒட்டும் வேலையை மிச்சப்படுத்தும் சட்டமாக இருந்தால் அந்த வகை பொருந்தும். ஒரே மாதிரி லேபிள், இரண்டு நோக்கம், இரண்டு வகை.

கடைசியாக அம்மா ஒதுக்கி வைத்திருந்த ஜெல்லி மிட்டாய். வாங்கி வந்த பிறகுதான் அதில் மாட்டு ஜெலட்டின் இருப்பதைப் பார்த்தோம். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பன்றிக்கொழுப்பு, அவற்றிலிருந்து எடுத்தவை எது சேர்ந்தாலும் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது நம் விதி. எழுத்து இருந்தது, அம்மாவின் கண்ணாடிதான் இல்லை. அக்கா மகள் குடிமை உரிமைகள் என்றாள்: வழிபடுவதைப் போல, விலக்குவதும் மதச் சுதந்திரம்தானே. நல்ல வாதம். இதற்கு எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் மேசையில் கிடக்கும் ஒரே கறித்தூள் பொட்டலம் நம் நாட்டில் பல சட்டங்களுக்கு வேலைக்காரன். சேர்மானப் பட்டியல் சுகாதார அமைச்சின் உணவுச் சட்டத்துக்கு. ஹலால் முத்திரை 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்துக்கு. சான்று தருவது ஜாக்கிம் என்னும் அரசாங்க இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை. நிகர எடை 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்கு. விளையாட்டில் இப்படிப் பங்கு பிரிக்க முடியாது. ஒரு சட்டத்துக்கு ஒரு வகை, அவ்வளவுதான். இது குறையா என்றால், ரசிப்பவர்களுக்கு இல்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம்தான் நான்கு நாள் மேசைச் சண்டையைக் கொடுத்தது.

இன்னொரு கெடுபிடியும் உண்டு. நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்த முடியாது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முழுவதையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். நம் 1985 விதிமுறைகளை எத்தனை தடவை திருத்தியிருக்கிறார்கள் என்று எங்கள் அலுவலகக் கோப்பின் தடிமனே சொல்லும். அந்தக் கோப்போடு வாழ்ந்தவனுக்கு இந்த விதி முதலில் மூர்க்கமாகத் தெரிந்தது. ஆனால் சமர்ப்பிக்கும் முன் பத்துத் தடவை படிக்க வைக்கிறது. உண்மையான நாடு, ஊர், மனிதர் எதையும் சட்டத்தில் குறிப்பிடக் கூடாது என்பதும் விதி. என் முதல் வரைவில் மலேசியாவும் தே தாரிக்கும் இருந்தன, இரண்டையும் வெட்டினேன். மனது கேட்கவில்லை.

யாருக்கு இதைச் சொல்வேன்? அவசரக்காரர்களுக்கு வேண்டாம். எல்லாமே ஆங்கிலம், அதிலும் சட்ட ஆங்கிலம். தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த என்னைப் போன்றவர்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும்; அதற்கு முன் வட்டாரப் பேராளர்களில் (வட்டாரம் என்பது ஒரு நாட்டுக் கூட்டம்; பேராளர் அதன் பிரதிநிதி) நூற்றுக்கு ஆறு பேராவது ஒப்புதல் தர வேண்டும், அந்த ஒப்புதலுக்காகத் தந்தி மேல் தந்தி அனுப்ப வேண்டும். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கும் விதிமுறை அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஐந்தாவது, என் சட்டம் நிறைவேறினால்.

இரண்டாவது தடவை ஒழுங்குமுறை, நுகர்வோர் பாதுகாப்பு என்று சரியாகத் தட்டினேன். செயலகம் மூச்சு விடவில்லை. ஆனால் ஒப்புதல் போதவில்லை. காலம் முடிந்து பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. இப்போது மூன்றாவது வரைவு. நேற்று இரவு ஒரு தந்தி: வகை சரி, பிரிவுகள் சரி, ஆனால் 'பால்' என்றால் என்ன என்று தயவுசெய்து விளக்கம் சேர்க்கவும். அவருடைய நாட்டில் பசுவே கிடையாதாம்.