இலைக் கணக்கு: காசு கொடுத்து நான்கு வருடம், காசில்லாமல் ஐந்து வருடம்

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கூடவே அரவேணு பக்கத்தில், விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கும் இலை ஏஜென்ட் ஒருவருக்கு மாதக் கணக்கும் போட்டுக் கொடுக்கிறேன். 140 சிறு விவசாயிகள், தினம் எடை, மாதம் ஒரு பட்டுவாடா. 2016இல் இந்த வேலையை எடுத்தபோது ஒரு மலிவு விலை மென்பொருளை வாங்கித் தொடங்கினேன். 2020 முதல் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில் இருக்கும் கால்க், எக்செல் மாதிரியான கணக்குத் தாள். இரண்டிலும் போதுமான அளவு குப்பை கொட்டியாகிவிட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை இலை வியாபாரத்தில் இன்று இலை போட்டால் இன்றைக்கு என்ன விலை என்று தெரியாது. தேயிலை வாரியம் ஏல விலையைப் பார்த்து மாதந்தோறும் ஒரு சராசரி விலை அறிவிக்கும். ஃபேக்டரி அதை ஒட்டியோ ஒட்டாமலோ ஒரு விலை போடும். அதற்குள் விவசாயி அட்வான்ஸ் வாங்கியிருப்பார், உரம் எடுத்திருப்பார். மழை நாள் இலை என்றால் எடையில் தண்ணீர்க் கழிவு வேறு. ஆக, மாதம் முழுக்க கிலோவை மட்டும் எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே நாளில் 140 பேருக்கும் ரூபாயாக மாற்ற வேண்டும்.

வாங்கிய மென்பொருள் கோவையில் ஒரு சிறு நிறுவனம் செய்தது. 4,500 ரூபாய், அப்புறம் வருடம் 1,800 புதுப்பிப்புக் கட்டணம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இலவசக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. எடை போடும் திரை அருமையாக இருந்தது. விவசாயி எண், என்டர், கிலோ, என்டர். கடையில் வேலை பார்க்கும் அக்கா கம்ப்யூட்டரே தொடாதவர். இரண்டே நாளில் பழகிவிட்டார். சிக்கல் என்றால் போன் அடிக்கலாம், தமிழில் பேசுவார்கள். ஒரு முறை ஒரு பையன் பஸ் ஏறி வந்து, சீட்டு அச்சாகும் அளவைச் சரிசெய்து, டீ குடித்துவிட்டு இறங்கினான். இதற்கெல்லாம் 1,800 ரூபாய் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன்.

தொல்லை 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு ஆரம்பித்தது. பச்சை இலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. தூளான பிறகுதான் 5 சதவீதம். ஆனால் புதுப்பித்த மென்பொருள் ஒவ்வொரு சீட்டுக்கும் வரி விகிதம் கேட்டது. பதில் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. அக்கா தினமும் 140 முறை பூஜ்யம் தட்டினார். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால், உங்களுக்கு மட்டும் தனியாக மாற்ற முடியாது, பெரிய பதிப்பில் அந்த வசதி உண்டு என்றார்கள்.

மலிவுப் பதிப்பு என்றாலே இப்படித்தான் போல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வளரும் நாடுகளுக்கென்று ஸ்டார்ட்டர் பதிப்பு ஒன்று வந்தது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்தான் திறக்கலாம். பின்னால் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. விலையைக் குறைக்கக் கூடுதல் செலவு செய்து வசதியைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அப்போதே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

2019 ஐப்பசி மழையில் சிரிப்பு நின்றது. மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை, லைன் இல்லை. செல்போன் டவரும் பேட்டரி தீர்ந்து படுத்துவிட்டது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டால், மென்பொருள் திறக்கும்போதே உரிமத்தைச் சரிபார்க்க இணையம் கேட்கிறது. கட்டணம் கட்டியாகிவிட்டது, ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது? ஏஜென்ட் நேரில் வந்துவிட்டார்.

"தம்பி, கணக்கு பொட்டிக்குள்ள பத்திரமா இருக்குன்னு சொல்றே. காசு வாங்க ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க. நான் அவங்களுக்கு என்னத்த சொல்ல?"

அன்று இரவு பதினொன்றரை வரை எடைச் சீட்டுக் கட்டுகளைப் பிரித்து, கால்குலேட்டர் வைத்துக் கையால் போட்டோம். இரண்டு பேருக்குத் தப்பாகப் போனது, அடுத்த மாதம் நேர் செய்தோம்.

வெளியேறலாம் என்று முடிவு செய்தபோதுதான் அடுத்த அடி. மூன்றரை வருடத் தரவை எக்செல்லாகவோ வேறு எதுவாகவோ வெளியே எடுக்க வழியில்லை. பிடிஎஃப் மட்டும் வரும். பழைய எடையை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொருவருடைய பாக்கியை மட்டும் புதிதாகத் தட்டினேன்.

கால்க்கில் நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் தாளில் மேலே ஒரே ஒரு மஞ்சள் கட்டம். அதில் மாத விலை. 140 பேருடைய வரிகளும் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கின்றன. ஃபேக்டரி விலை தெரிந்ததும் போனில் கேட்டு எண்ணைத் தட்டி என்டர் அடித்தால், கீழே வரை தொகைகள் ஒரு குலுக்கு குலுங்கி மாறும். ஏஜென்டுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். ஐம்பது காசு ஏற்றினால் தனக்கு என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்பார்.

பெயர்ப் பட்டியலும் இப்போதுதான் ஒழுங்குக்கு வந்தது. பழைய மென்பொருள் பாமினி வகை எழுத்துருவில் ஓடியது. அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். ஆண்டி எங்கேயோ, அம்மாசை எங்கேயோ. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடில் அந்தக் கஷ்டம் இல்லை. கால்க் சேமிக்கும் ஓடிஎஸ் கோப்பு இன்னொரு விதத்திலும் எனக்குத் தைரியம். அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு பிரதி எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்பில் விவசாயி பெயரும் கிலோவும் எழுத்தாகவே இருக்கும். நோட்பேடில் படிக்கலாம். நாளைக்கு லிப்ரே ஆஃபிஸே இல்லாமல் போனாலும் கணக்கு என் கையில்.

சரி, இலவசத்துக்கு நான் கொடுத்த விலை என்ன? முதல் வருடம் அக்கா தெரியாமல் சூத்திரம் இருந்த கட்டங்களின் மேலேயே எண்ணைத் தட்டிவிட்டார். பதினோரு பேருக்கு உரக்கடன் கழியாமல் பணம் போய்விட்டது. வாங்கிய மென்பொருளில் இது நடக்கவே நடக்காது. அதன் பிறகுதான் எடை போடும் கட்டங்களைத் தவிர மீதியைப் பூட்டக் கற்றுக்கொண்டேன். கோப்பைக் கட்டி முடிக்க ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்த ஞாயிறுகளுக்குக் கூலி போட்டால் 4,500 ரூபாயைத் தாண்டும். நான் காய்ச்சலில் படுத்தால் அந்தக் கோப்பைச் சரிசெய்ய இந்த ஊரில் ஆள் இல்லை; பஸ் ஏறி வரும் பையனும் இல்லை.

கடையின் மற்ற வேலைக்கு வந்தால், ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கும் சில எக்செல் கருவிகள் மேக்ரோவில், அதாவது எக்செல்லுக்குள் எழுதிய குட்டிப் புரோகிராமில், ஓடுபவை. அவை கால்க்கில் ஓடாது. அதற்காக ஒரு கம்ப்யூட்டரில் காசு கொடுத்த எக்செல் இன்னும் இருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்பு குலைந்து திறந்தால் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். காலிப்ரி இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோவைப் போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. கணக்குக் கம்ப்யூட்டர் பழசு, 11 ஏறாது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். கால்க் கோப்பு ஒரு எழுத்து பிசகாமல் திறந்தது. ஆனால் சின்ன லேசர் பிரிண்டர் இரண்டு நாள் உயிரை வாங்கி, கடைசியில் அசையவே இல்லை. சீட்டை பென் டிரைவில் எடுத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிறோம். அக்காவுக்கு இதில் என் மேல் கோபம்.

போன வாரம் கட்டபெட்டு பக்கமிருந்து இன்னொரு ஏஜென்ட் விசாரிக்க வந்தார். நானூறு பேர், மூன்று இலை வண்டி, கணக்குக்கு அடிக்கடி ஆள் மாறுவார்கள். என் கோப்பைத் தரவா என்று யோசித்தேன், தரவில்லை. அவருக்கு விலைக்கு வாங்குவதுதான் சரி. "அண்ணா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: நெட் இல்லாமல் திறக்குமா? எல்லாக் கணக்கையும் எக்செல்லாக வெளியே எடுக்க முடியுமா? விற்பவர் பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.