சுங்கை சிப்புட்டில் ஒரு ஹீலியம் பெட்டி: மூன்று வருடம் வைத்திருந்தவன் சொல்வது

போன வாரம், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில், தாமான் (குடியிருப்பு) முனையில் இருக்கும் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, உங்க கூரையில நிக்கிற கம்பி அந்த பிளாக்செயின் நோடுதானே? எனக்கும் ஒன்னு வாங்கச் சொல்றாங்க, 3,500 வெள்ளி, மாசம் 800 வெள்ளி வருமாம்" என்றான். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைக் காட்டினான். பெட்டியின் படம் இருந்தது, அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அவன் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன், கடன் வாங்கிப் போட இருந்தான். அவனிடம் சொன்னதையெல்லாம் இங்கேயும் எழுதி வைக்கிறேன், இந்தப் பக்கத்தில் இன்னும் நாலு பேர் இதே கேள்வியோடு இருப்பார்கள்.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்குப் புத்தகம், நோடு என்பது அப்படிப்பட்ட நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கும் ஒரு பெட்டி. என்னிடம் இருப்பது ஹீலியம் நெட்வொர்க்கின் ஹாட்ஸ்பாட். பெயரைப் பார்த்து வைஃபை என்று நினைக்க வேண்டாம். லோரா என்கிற ரேடியோ முறையில், மிகச் சின்னச் சின்னத் தகவலை வெகு தூரம் கொண்டு போகும் பெட்டி இது. மழைமானி, தண்ணீர்த் தொட்டி அளவு, கதவு திறந்ததா மூடியதா, இந்த மாதிரிக் கருவிகள் அனுப்பும் தகவலை நம் கூரையில் பிடித்து, வீட்டு இன்டர்நெட் வழியாக மேலே அனுப்பும். தொலைத்தொடர்புக் கம்பெனி கோபுரம் கட்டுவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பெட்டி வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஒரு நெட்வொர்க் ஆவது, அதற்குச் சன்மானமாக எச்என்டி என்ற டோக்கன், அதாவது விற்றுக் காசாக்கக்கூடிய டிஜிட்டல் நாணயம், கிடைப்பது, இதுதான் ஏற்பாடு. 2019இல் அமெரிக்காவில் தொடங்கியது.

இந்த யோசனை எனக்கு ஏன் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, தோட்டத்து ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். என் தாத்தா பால்மரம் வெட்டியவர், அவரும் அதில் சேர்ந்தவர். அவருடைய பங்குப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நெட்வொர்க்கையும் அப்படிச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்று கேட்டதும் மனசு அங்கே போய்விட்டது.

நான் ஆர்டர் போட்டது 2021 நவம்பர். அந்த மாதம்தான் எச்என்டி 50 டாலரைத் தாண்டி உச்சத்தில் நின்றது. 2,150 வெள்ளி முன்பணமாகக் கட்டினேன். விற்றவர்கள் பத்து வாரம் என்றார்கள், பெட்டி வந்து சேர ஒன்பது மாதம் ஆனது, இடையில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். வந்தபோது டோக்கன் விலை பத்து டாலருக்கும் கீழே. முன்பணம் மொத்தமாகக் கேட்கிறவர்களிடம் வாங்காதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, சுமார் 5 வாட் மின்சாரம், மாதம் 3.6 யூனிட்டுதான், பில்லில் இரண்டு வெள்ளிகூட ஏறாது. போனில் செயலியைத் திறந்து புளூடூத்தில் சேர்த்தால் இரண்டு ஆங்கிலச் சொல்லும் ஒரு விலங்குப் பெயரும் சேர்ந்து அதற்கு ஒரு பெயர் தானாக வரும். எனக்கு வந்தது நீர்நாய். வீட்டில் எல்லோரும் இன்றைக்கும் "நீர்நாய் ஓடுதா?" என்றுதான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் முழு பிளாக்செயினையும் பெட்டியே சுமந்து திணறும் என்பார்கள். 2022இல் அந்தச் சுமையை எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரல் 18இல் கணக்கு வழக்கெல்லாம் சொலானா என்ற வேறொரு பிளாக்செயினுக்கு மாறியது. அந்த மாற்றத்தின்போது நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை, டோக்கனை வைத்திருக்கும் வாலட் செயலியைப் புதுப்பித்தேன், அவ்வளவுதான்.

வேலை வாங்கியது ஆண்டெனாதான். பெட்டியோடு வந்த குட்டிக் கம்பியை ஜன்னலோரம் வைத்தேன், இரண்டு வாரம் வேறு ஒரு பெட்டிக்குக்கூட என் சிக்னல் எட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் செம்பனை. வயசான மரம் ஒவ்வொன்றும் நம் ஒற்றை மாடி வீட்டை விட உயரம், அந்த ஈரமான மட்டைகள் சிக்னலைக் குடித்துவிடும். அப்புறம் ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா ஒன்று வாங்கி, இரும்புக் குழாயில் யூ போல்ட்டு போட்டு இறுக்கி, மரத்தின் கொண்டைக்கு மேலே வருகிற மாதிரி ஏற்றினேன். குழாய், கேபிள், இடிதாங்கி எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. கேபிளை எவ்வளவு குட்டையாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது, நீளத்தில் சிக்னல் கரையும். கேபிள் இணைப்பின் மேல் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். முதல் தடவை நான் ஒரு சுற்றோடு விட்டேன், ஆறு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. இடிதாங்கியை விட்டுவிட்டு யாரும் கம்பி ஏற்றாதீர்கள், நம்மூர் சாயங்கால இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

சரி, காசு. பெட்டி சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்றில் ஒரு குரல் கொடுக்கும். அதை வேறு பெட்டிகள் கேட்டுச் சாட்சி சொன்னால்தான் இரண்டு பக்கமும் சன்மானம். சாட்சி இல்லாத குரலுக்குக் காசு இல்லை. சாட்சி 300 மீட்டருக்குள் இருந்தாலும் செல்லாது, ஒரே வட்டாரத்தில் பெட்டிகள் நெருங்கிக் கிடந்தால் சன்மானத்தை வெட்டுவார்கள். கோலாலம்பூரில் அடுக்குமாடி மேல் வைத்தவனுக்கு நிறையப் பேர் கேட்பார்கள். என் பெட்டியின் குரலைக் கேட்பது இரண்டே பெட்டிகள், அதில் ஒன்று ஈப்போ பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. இதற்கு மேல், எல்லோருக்கும் பங்கு போடுகிற டோக்கனையே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பாதியாக்குகிறார்கள். 2021 ஆகஸ்டில் மாதம் 50 லட்சமாக இருந்தது 25 லட்சம் ஆனது, 2023இல் 12.5 லட்சம், 2025இல் 6.25 லட்சம்.

"கருவிகள் நிறைய வந்தால் வருமானம் ஏறும்ல அண்ணே?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அவனுடைய போனிலேயே கணக்கைப் போட்டுக் காட்டினேன். கருவி வைப்பவன் 24 பைட் தகவலுக்கு ஒரு டேட்டா கிரெடிட் கட்ட வேண்டும், அதன் விலை 0.00001 அமெரிக்க டாலர். ஒரு மழைமானி கால் மணிக்கு ஒரு தடவை பேசினால் நாளைக்கு 96, வருடத்துக்கு 35,040. மொத்தம் 35 அமெரிக்க சென்ட். ஒரு வருடத்துக்கு! நூறு மழைமானிகள் என் கூரையைச் சுற்றி நின்றாலும் அந்த நூறும் கட்டுகிற தொகை 35 டாலர். கருவி வைப்பவனுக்கு இது அருமையான விலை, பெட்டி வைப்பவனுக்கு இதில் 800 வெள்ளி எங்கிருந்து வரும்? அந்த விளம்பரம் காட்டுவது வேறு நெட்வொர்க்காக இருக்கலாம், ஆனால் எந்த நோடானாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: காசு கட்டுகிற வாடிக்கையாளர் யார், அவர் எதற்கு எவ்வளவு கட்டுகிறார்?

எனக்கு நல்ல மாதத்தில் 30 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வந்தது, இப்போது மூன்று நாலு வெள்ளி. மொத்தமாக இதுவரை 310 வெள்ளி. போட்டது 2,530.

ஆனாலும் பெட்டியை நான் கழற்றவில்லை. பிலுஸ் ஆற்றுப் பக்கம் என் மாமா ஆடு வளர்க்கிறார், வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். அங்கே போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், இரண்டு தடவை ராத்திரியில் ஆடு திருடு போயிருக்கிறது. போன வருடம் கொட்டகைக் கதவில் லோரா கதவுக் கருவி ஒன்றைப் பொருத்தினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, எதிரே ஒரு காந்தம், கதவு விலகினால் என் கூரைக்குத் தகவல், அங்கிருந்து மாமாவின் போனுக்கும் என் போனுக்கும். பேட்டரியை இன்னும் மாற்றவில்லை. தொலைத்தொடர்புக் கம்பெனி சிம் கார்டு போட்டிருந்தால் மாதா மாதம் கட்டணம், அதுவும் சிக்னல் இருந்தால்.

அதனால் தம்பியிடம் சொன்னது இதுதான். கடன் வாங்கிப் புதுசு வாங்காதே. உனக்கோ உன் அப்பாவின் தோட்டத்துக்கோ இப்படி ஒரு தேவை இருந்தால் பழைய பெட்டி ஒன்று வாங்கு, போன மாதம்கூட ஒன்றை 120 வெள்ளிக்கு விற்றார்கள். நம் நாட்டுக்கு ஏஎஸ்923 அலைவரிசை, ஐரோப்பாவின் 868 அலைவரிசைப் பெட்டி இங்கே ஆகாது, சிரிம் என்ற நம் நாட்டுத் தரச்சான்று நிறுவனத்தின் சான்று பெற்ற மாடலா என்று பார். பழைய உரிமையாளர் தன் வாலட்டிலிருந்து உன் வாலட்டுக்கு மாற்றிக் கொடுத்த பிறகு காசைக் கொடு. வாலட்டின் ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வை, போனில் படம் பிடித்து வைக்காதே. ஒரு தாமானுக்கு உயரமான கூரையில் ஒரு பெட்டி போதும், நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கினால் பெட்டிக்கு ஆளுக்கு முப்பது வெள்ளிக்கு மேல் ஆகாது.

அவன் விளம்பரத்தை அழிக்கவில்லை, யோசிக்கிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கொட்டகையைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.