பந்தலுக்கு என்று வாங்கிப்போன 6,800 வெள்ளி மெஷின் திரும்பவில்லை: வாடகைக்கு விடுகிறவர்கள் படியுங்கள்

பினாங்கில் ஜென்செட் (மின்சார ஜெனரேட்டர்), புல்வெட்டி, இலை ஊதும் புளோவர் வாடகைக்கு விடுகிற எல்லாருக்கும் இது. தைப்பூசம் முடிந்து பந்தல்களைப் பிரித்தாயிற்று. மூன்று மெஷின் மட்டும் வரவில்லை. 2.2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜென்செட் 4,900, முதுகில் மாட்டும் புல்வெட்டி 1,250, புளோவர் 650. மொத்தம் 6,800 வெள்ளி. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் வந்தது ஒரு வாடகை ஆப் வழியாக. பொருள் உள்ளவனையும் தேவைப்படுகிறவனையும் கோத்துவிட்டு நடுவில் கமிஷன் எடுக்கிற வகை. அவன் பெயர் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது. அந்த டிக் சரிபார்த்தது அவன் கைப்பேசி எண்ணை மட்டும்தான், ஓடிபி போட்டால் யாருக்கும் கிடைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. "அண்ணே, தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தல் போடுறோம், சாமி காரியம், டெபாசிட்டைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க." 1,000 வாங்குகிற இடத்தில் 300. ஐசி (அடையாள அட்டை) கேட்டதற்கு, "வேன்ல இருக்குண்ணே, வாட்சாப்ல அனுப்புறேன்." படம் வந்தது. ஐசி எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. வந்தவன் மீசை வைத்த ஆண். படத்தில் கடைசி எண் 8. அதைப் பார்க்க இரண்டு நொடி போதும். சாமி காரியம் என்ற சொல் அந்த இரண்டு நொடியைத் தின்றுவிட்டது.

ஐசியை எப்போதும் கையில் வாங்கிப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். 07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர். முகமும் வயதும் பேச்சும் அதோடு பொருந்துகிறதா பாருங்கள். அட்டையோடு ஆளையும் மெஷினையும் ஒரே படத்தில் எடுங்கள். மறுக்கிறவனுக்கு மெஷின் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். நான்கு நாள் கழித்து, பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில் அந்தப் புல்வெட்டி தெரிந்தது. கைப்பிடியில் சுற்றிய பச்சை டேப்பை வைத்து அடையாளம் தெரிகிறது, ஆனால் டேப் சாட்சி ஆகுமா? கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் மார்க்கரில் எழுதியிருந்தது ஸ்டார்ட்டர் கவரில், அதாவது கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பக்கத்து மூடியில். அந்த பிளாஸ்டிக் கவர் பாகங்கள் கடையில் தனியாகவே கிடைக்கும், நான்கு திருகைக் கழற்றினால் மாற்றிவிடலாம். மாற்றிவிட்டான். சீரியல் ஸ்டிக்கரையும் உரித்துவிட்டான். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் ஸ்டிக்கர் பசையும் போகும், மார்க்கர் மையும் போகும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்ததும் அந்த ஸ்டிக்கரைத்தான். கிராங்க்கேஸில் (எஞ்சினின் உலோகக் கூடு) பொறித்திருக்கும் எண்ணை எழுதி வைக்கவில்லை. 6,800 வெள்ளிப் பொருளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

அதனால் குறி எங்கே போடுவது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மாற்றினால் அதிகம் செலவாகும் பாகத்தில் போடவேண்டும்: புல்வெட்டி, செயின்சாவில் கிராங்க்கேஸ், ஜென்செட்டில் உள்ளே இருக்கும் எஞ்சின் உடம்பு. சைலன்ட் வகை ஜென்செட்டில் வெளியே தெரிவதெல்லாம் பிளாஸ்டிக் ஓடு. பக்கவாட்டு மூடியைத் திறந்து எஞ்சின் நம்பரைத் தேடிப் படம் எடுத்தால்தான் அது உங்கள் பொருள்.

எழுத்து அச்சை வைத்து சுத்தியலால் அடிப்பது இரும்புச் சட்டத்துக்குச் சரி. குழாய்ச் சட்டம் உள்ள திறந்தவகை ஜென்செட்டில் 5 மில்லிமீட்டர் அச்சு நன்றாக விழும். கிராங்க்கேஸில் மட்டும் சுத்தியலை எடுக்காதீர்கள். அது மெல்லிய அலுமினியம் அல்லது மெக்னீசிய வார்ப்பு. விரிசல் விழும், பேரிங் உட்காரும் இடம் அசைந்தால் எஞ்சினே போச்சு. அங்கே அதிர்வில் எழுதும் மின்பேனாதான், கீறல் அளவுக்கு, பாகங்கள் ஒட்டும் கேஸ்கெட் ஓரங்களை விட்டுத் தள்ளி. மெக்னீசியத்தை கிரைண்டரால் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

ஒரு குறி கண்ணில் படட்டும், இன்னொன்று ஒளிந்திருக்கட்டும். கண்ணில் படுவது விற்க விடாது, ஒளிந்திருப்பது போலீசிடம் காட்ட. ஸ்டார்ட்டர் கவரின் உள்பக்கமும் ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிப்பாகமும் நல்ல இடம்தான், ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் என் கதிதான். எழுதுவது கடையின் பதிவு எண் அல்லது தொலைபேசி எண். ஐசி எண்ணை எழுதாதீர்கள், அது இன்னொரு மோசடிக்கு வழி. பெயிண்ட் அடிக்கிறதானால் ஹார்டனர் கலக்கும் இரண்டு டின் வகை. சாதாரண ஸ்ப்ரே பெட்ரோல் பட்டால் வழிந்துவிடும். அசிங்கமான நிறமாகப் பாருங்கள். ரோஸ் நிற ஜென்செட்டை வாங்க ஆள் வராது.

இன்னொரு திருட்டும் உண்டு, அதில் மெஷின் திரும்பி வரும். உள்ளே அசல் கார்புரேட்டர் இருக்காது, மலிவான நகல் உட்கார்ந்திருக்கும். கார்புரேட்டர் நட்டு, ஸ்டார்ட்டர் திருகு எல்லாவற்றிலும் தலையிலிருந்து உடம்புவரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் யாரோ திறந்திருக்கிறான். டெபாசிட்டைத் திருப்புமுன் பார்க்கவேண்டும், பிறகு இல்லை.

டிராக்கர் இருந்ததா என்று கேட்பீர்கள். ஜென்செட்டுக்குள் புளூடூத் டேக் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கு ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் யாருடைய கைப்பேசியாவது இருந்தால்தான் இடம் சொல்லும். அதைவிட மோசம், தெரியாத டேக் கூடவே வருகிறது என்று திருடனின் கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்பும். கடைசியாகக் காட்டியது பாலம் தாண்டிப் பிறை என்ற ஊர்ப் பக்கம், அப்புறம் மௌனம். சிம் போடும் ஜிபிஎஸ் டிராக்கர்தான் வாங்கவேண்டும். பழைய 3ஜி வகை வேண்டாம், இங்கே 3ஜி 2021 கடைசியிலேயே நின்றுவிட்டது. சைலன்சரிலிருந்து தள்ளி வையுங்கள், 60 டிகிரி தாண்டினால் பேட்டரி உப்பும். இரும்புத் தகட்டுக்குள் அடைத்தால் சிக்னல் வராது, ஃபோம் இல்லாமல் ஒட்டினால் அதிர்வில் வயர் விட்டுப்போகும்.

ஆப்காரர்கள் என்ன சொன்னார்கள்? முதல் நாள், 3 முதல் 5 வேலை நாளில் பதில். ஆறாம் நாள், "பாதுகாப்புத் திட்டம் சேதத்துக்கு மட்டும், திருப்பித் தராததற்கு இல்லை." எட்டாம் நாள், "இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளவும்." யாரோடு பேச, அந்த நம்பரே உயிரோடு இல்லையே! 300 வெள்ளி டெபாசிட்டும் "பரிசீலனையில்" என்று அவர்களிடமே கிடக்கிறது. 6,800 போனது போதாதென்று, ஆப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரச் சொல்லி நேற்று மெசேஜ் வேறு.

காப்புறுதி? திருட்டுக் காப்புறுதி பொதுவாகப் பூட்டை உடைத்துத் திருடியதற்குத்தான். நம் கையாலேயே எடுத்துக் கொடுத்ததற்கு இல்லை.

போலீஸ் நிலையத்தில், "வாடகைப் பிரச்சினை, சிவில் கேஸ்" என்றார்கள். அங்கேயே திரும்பி வந்துவிடாதீர்கள். நம்பிக்கை மோசடி தண்டனைச் சட்டம் 406ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருள் வாங்குவது 420ஆம் பிரிவு. போலி ஐசி படம், ஒப்பந்தம், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோய், வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று ரிப்போர்ட்டில் எழுத வையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் வாங்குகிறவருக்குத்தான், வாடகைக்கு விடும் நமக்கு அங்கே கதவு இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி 5,000 வெள்ளி வரைக்கும்தான், அதுவும் தனிநபர் பெயரில், கம்பெனி பெயரில் முடியாது. 6,800க்கு அந்த வழியில் போனால் 1,800ஐக் கைகழுவவேண்டும். அதற்கும் எதிராளியின் உண்மையான பெயரும் முகவரியும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதவேண்டும் என்று முழுசாகச் சொல்வதாக இருந்தேன், நேரமில்லை. சுருக்கமாக: டெபாசிட்டைக் குறைக்காதீர்கள், யாருக்கும், எந்தக் காரியத்துக்கும். ஜென்செட்டைக் கொடுக்கிற இடத்தை நேரில் பாருங்கள், வேனின் நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள். எஞ்சின் நம்பரை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாள் தவறினால் மறுநாளே ரிப்போர்ட், "நாளைக்குத் தர்றேண்ணே" என்பதை ஒரு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். நான் நான்கு தடவை கேட்டேன்.

10 மணிக்கு ஐஓவை (போலீஸ் விசாரணை அதிகாரி) பார்க்கவேண்டும். ஜென்செட்டின் இடது கைப்பிடிக்குக் கீழே உருகிய தழும்பு ஒன்று இருக்கிறது, ஐம்பது காசு அகலம். யாராவது விலை பேச வந்தால் கவனியுங்கள்.