கீழக்கரைப் பயணம்: பேசாத ஹார்ட் டிஸ்க்கைப் பேசவைத்த கடை

துபாயிலிருந்து முப்பது நாள் விடுப்பில் ஊருக்குப் போனபோது முடிக்க வேண்டிய வேலைகள் ஏழெட்டு இருந்தன. ஆதாரில் முகவரி மாற்றம், வங்கியில் கேஒய்சி, உம்மாவுக்குக் கண் பரிசோதனை, வீட்டுத் தீர்வை. எல்லாம் நடந்தன, வங்கிக்கு மட்டும் மூன்று நடை. இவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது திடீரென்று முளைத்த ஒரு வேலையைப் பற்றி. அதை முடித்துக் கொடுத்தது கீழக்கரையில் பத்துக்கு எட்டு அடியில் இருக்கும் ஒரு மொபைல் சர்வீஸ் கடை.

எங்கள் மாடி அறையில் வாப்பாவின் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2008 டிசம்பரில் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, வாப்பாவே திருகி மாட்டியது. அதற்குள் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. தன் பழைய கேமரா கேசட்டுகளையெல்லாம் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அதில்தான் ஏற்றி வைத்தார். லாத்தா (அக்கா) கல்யாணத்துக் களரியில் (விருந்தில்) சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரியவர்கள், அவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. பாம்பன் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் ரயில் ஊர்ந்து போகும் படம், 2005-ல் எடுத்தது. வேறு எங்கும் பிரதி கிடையாது. வாப்பா மவுத்தாகி (காலமாகி) ஒன்பது வருடமாகிறது. பெருநாளுக்குப் பெருநாள் லாத்தா அதைப் போட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் காட்டுவார். ஒரு நகல் எடுத்து வையுங்கள் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். யாரும் எடுக்கவில்லை, நானும்தான்.

இந்த முறை சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரையில் முதல் படம் வந்து அப்படியே நின்றுவிட்டது. அந்த டிஸ்க்கின் வயரைக் கழற்றினால் கம்ப்யூட்டர் மேலே நகர்கிறது, மாட்டினால் நிற்கிறது. கையை வைத்துப் பார்த்தேன். டிஸ்க் சுற்றுகிறது. டிக் டிக் என்ற தட்டல் இல்லை, உரசல் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் பயாஸ் திரையில் அப்படி ஒரு டிஸ்க் இருப்பதற்கான அடையாளமே இல்லை.

முதலில் ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். மாட்டிப் பார்த்தார்கள், "டெட் சார்" என்றார்கள். அதோடு நின்றிருந்தால் வருத்தமில்லை. "மூடியைக் கழட்டி உள்ளே என்னன்னு பாத்துடலாமா?" என்று ஒரு பையன் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். டிஸ்க்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும்போது, படிக்கும் முனை அதன் மேல் மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. வீதியின் தூசியும் கச்சான் காற்றின் உப்பும் அதற்குள் நுழைந்தால் பிறகு எந்த ஊருக்குக் கொண்டுபோயும் பயனில்லை. ஊரில் யாரிடம் கொடுத்தாலும், "மூடியைத் திறக்க மாட்டேன்" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

சென்னையில் தகவல் மீட்புக்கென்றே இருக்கும் ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். 28,000 ரூபாய், நான்கு வாரம். எனக்கு மீதியிருந்தது பதினொரு நாள். அந்த இரவு லாத்தாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மொட்டை மாடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மருமகன்தான் சொன்னான்: "மாமா, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு போன் கடை இருக்கு. ஷார்ஜாவுல வேலை பாத்துட்டு வந்தவரு. போர்டு வேலையெல்லாம் செய்வாரு." போன் ரிப்பேர் கடையில் ஹார்ட் டிஸ்க்குக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

கடைக்காரத் தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் மைக்ராஸ்கோப், சூடான காற்றுத் துப்பாக்கி, சால்டரிங் அயர்ன், இரண்டு பேட்டரியோடு ஒரு யூபிஎஸ். டிஸ்க்கை வாங்கியதும் கம்ப்யூட்டரில் செருகவில்லை. மேலே ஒட்டியிருந்த லேபிளை முதலில் படித்தார். மாடல் எண், ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் உள்நிரல்) எண் இரண்டையும் நோட்டில் எழுதினார். பிறகு மின்சாரம் மட்டும் கொடுத்து, கையில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார்.

"காக்கா (அண்ணன்), இது சாகல. பிஸின்னு சொல்லிக்கிட்டே நிக்குது. இந்த மாடலுக்கே இருந்த நோவு இது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். தன்னை இயக்கும் நிரலை அது சுமந்துகொண்டிருக்கிறது. நடந்ததையெல்லாம் குறித்துவைக்க உள்ளுக்குள் ஒரு நாட்குறிப்பும் உண்டு. 2008 வாக்கில் வந்த இந்த வரிசை டிஸ்க்குகளின் நிரலில் ஒரு பிழை இருந்தது. அந்த நாட்குறிப்பின் எண்ணிக்கை 320 போன்ற குறிப்பிட்ட சில இடங்களில் நிற்கும்போது மின்சாரம் நின்று மறுபடி வந்தால், நிரல் தடுமாறி அங்கேயே உறைந்துவிடும். கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் "வேலையாக இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. தயாரித்த கம்பெனியே 2009 ஜனவரியில் இதை ஒப்புக்கொண்டு, திருத்திய ஃபர்ம்வேரையும் வெளியிட்டது. வாப்பாவுக்கு அது தெரிய வழியில்லை. பதினாறு வருடம் அந்த எண்ணில் போய் நிற்காமல் தப்பி வந்த டிஸ்க், இந்தப் பெருநாளில் போய் நின்றிருக்கிறது. அதாவது படங்கள் தட்டில் அப்படியே இருக்கின்றன, வாசல்தான் அடைத்துக்கொண்டது.

அதற்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு சின்னஞ்சிறு பின்கள். எல்லோரும் ஜம்பர் (அமைப்பை மாற்றச் செருகும் சிறு துண்டு) மாட்டும் இடம் என்று நினைக்கும் அந்த இடம் கம்பெனிக்காரர்கள் டிஸ்க்கோடு நேராகப் பேசும் சீரியல் வழி. ஒரு வயர் பேச, ஒரு வயர் கேட்க, ஒன்று கிரவுண்ட். தம்பி டிராயரிலிருந்து கட்டைவிரல் அளவில் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றை எடுத்தார். நோக்கியா போன்களின் பழைய டேட்டா கேபிளை வெட்டியே ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தார்களாம். ஒன்றை அழுத்திச் சொன்னார்: இது 3.3 வோல்ட்டில் பேசும் அடாப்டராக இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டிலிருந்து நேராக வயர் இழுத்தால், அந்த வோல்ட்டேஜில் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகிவிடும்.

வேலை தொடங்குமுன் போர்டைக் கழற்றிக் காட்டினார். ஆறு முனை நட்சத்திரத் திருகுகள், டி6 அளவு. போர்டின் அடிப்பக்கம், உள்ளிருக்கும் முனைகளோடு தொடும் உலோகத் திட்டுகள் கறுத்திருந்தன. "கடற்கரை வீடுதானே காக்கா? எல்லா போர்டும் இப்படித்தான் வருது." பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ஒவ்வொரு திட்டையும் தேய்த்தார். கறுப்பு போய் மங்கலான வெள்ளி தெரிந்தது. எங்கள் கேட்டின் கீல், உம்மாவின் தையல் மிஷின், ஜன்னல் கம்பி என்று எல்லாவற்றையும் அரிக்கும் அந்த உப்பு இதற்குள்ளும் வந்திருக்கிறது.

அடுத்து அடாப்டரைச் சோதித்தார். பேசும் வயரையும் கேட்கும் வயரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு ஏதாவது தட்டச்சு செய்தால், அதுவே திரும்பத் திரையில் வரவேண்டும். 'அஸ்ஸலாமு' என்று அடித்தார், வந்தது. பேசும் வேகத்தை நொடிக்கு 38,400 பிட் என்று வைத்தார். டிஸ்க்கின் பின்கள் மெல்லியவை என்பதால் ஒரு பழைய சிடி டிரைவின் ஆடியோ வயரை வெட்டிச் சேர்த்துக்கொண்டார்.

இனி வருவதுதான் எனக்கு மூச்சடைத்த இடம். டிஸ்க் உறைந்தே கிடப்பதால் பின்வாசலிலும் பேச மறுக்கும். அதனால் போர்டின் ஒரு பக்கத் திருகுகளைத் தளர்த்தி, மோட்டாருக்குப் போகும் தொடுமுனைகளுக்கு இடையில் ஒரு காகித அட்டையைச் செருகினார். என் பர்ஸிலிருந்த விசிட்டிங் கார்டுதான் அது. மின்சாரம் கொடுத்தார். மோட்டார் சுற்றவில்லை; தட்டிலிருந்து எதையும் படிக்க முடியாததால் அந்தப் பிழைக்குள் போய் விழவும் இல்லை. கண்ட்ரோல் பட்டனோடு இசட்டை அழுத்தினார். கறுப்புத் திரையில் 'எஃப்3 டி' என்று ஒரு வரி வந்து நின்றது.

"பேசிட்டான்" என்றார் தம்பி.

அந்தக் கட்டளைத் திரையின் இரண்டாம் நிலைக்குப் போய், மோட்டாரை நிறுத்தச் சொல்லும் கட்டளை கொடுத்தார். பதில் வந்ததும், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டையை மெல்ல உருவினார். ஸ்குரூ டிரைவர் வழுக்கி எங்காவது பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அந்த மூன்று திருகுகளை முடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிடம் இருக்கும். பேசவே இல்லை. மருமகன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். திருகு முடிந்ததும் சுற்றச் சொல்லும் கட்டளை. ஏழெட்டு வினாடி. உள்ளே மோட்டார் எழும் அந்த மெல்லிய ஊங்காரம் கேட்டது. பிறகு முதல் நிலைக்குப் போய், டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைத்திருக்கும் பதிவை அழித்தார். அணைத்துப் பத்து வினாடி காத்திருந்து மறுபடி போட்டார்.

கடைசிக் கட்டளை 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் ஒற்றை வரி. டிஸ்க்கின் முகவரி அட்டவணையைப் புதிதாகக் கட்டுவது. இதில் ஓர் எண்ணோ காற்புள்ளியோ மாறினால் தட்டிலுள்ள அனைத்தையும் அழிக்கும் வேலையாகவும் அது மாறக்கூடும். தம்பிக்கு அது மனப்பாடம்தான். ஆனாலும் நோட்டைத் திறந்து வைத்து, மருமகனை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லி அடித்தார். அடித்ததை மறுபடி நோட்டோடு ஒப்பிட்டார். பிறகுதான் என்டர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் அதற்குத் தெரியுமாம். வேலை தெரிந்த கைக்கும் இவ்வளவு பயம் இருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வயர்களைக் கழற்றிச் சாதாரண முறையில் மாட்டியதும் டிஸ்க் தன் பெயரோடும் முழு 500 ஜிபியோடும் வந்து நின்றது. நான் கோப்புகளைத் திறந்து பார்க்க மவுஸை நோக்கிக் கை நீட்டினேன். "இப்ப வேணாம் காக்கா. முதல்ல முழுசா ஒரு பிரதி, அப்புறம் பாக்கலாம்" என்று தடுத்தார். 5,200 ரூபாய்க்குப் புதிதாக 1 டிபி டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். பழைய யூஎஸ்பி 2 வழி என்பதால் ஐந்து மணி நேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது, யூபிஎஸ் தாங்கியது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு கடையை அடைத்துவிட்டு, எங்களுக்காக உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட கூலி 2,500. அதற்கு மேல் கொடுத்ததை வாங்கவில்லை. வீட்டில் உம்மா கிளறிய தொதல் இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே குடும்பத்தோடு பாம்பன் போனோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில், கப்பல் போக நடுப்பகுதி முழுதாகச் செங்குத்தாக மேலே எழுகிறது. பக்கத்தில் 1914-ல் திறந்த பழைய பாலம் ரயில் இல்லாமல் நின்றது. சாலைப் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, வாப்பா எடுத்த படத்தை போனில் போட்டேன். 2007-ல் அகலப் பாதையாகும் முன்பு ஓடிய அந்தச் சின்ன ரயில், அதே பழைய பாலத்தில், காற்றுச் சத்தத்தோடு. படத்தில் முகம் இல்லை. "சாஞ்சு நிக்காதடா" என்று பின்னாலிருந்து வாப்பாவின் குரல் மட்டும். லாத்தா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

ஊர்ப் பயணத்தில் பழைய டிஸ்க்கோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்த வைத்தியம் இந்த ஒரு நோவுக்கு மட்டும்தான். தட்டல் சத்தம் வந்தால் முனை பழுது. அது தூசியில்லா அறை உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும், பணம் ஆனாலும் சரி. அப்படி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்த இன்னொருவரைத் தம்பி என் கண்முன்னேயே திருப்பி அனுப்பினார், பரிசோதனைக் கூலி வாங்காமல். இப்போது வரும் பல டிஸ்க்குகளில் அந்தப் பின்வாசலைப் பூட்டியே அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். உயிர்த்த பழைய டிஸ்க்கில் இனி எதையும் வைக்காதீர்கள். எங்களுடையதில் தம்பி மார்க்கரால் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது அலமாரியில் இருக்கிறது. படங்கள் லாத்தா வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று, மருமகனின் கல்லூரி லேப்டாப்பில் ஒன்று என மூன்று இடத்தில்.

கடை லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) அடைத்தால் அஸருக்கு (மாலைத் தொழுகைக்கு)ப் பிறகுதான் திறக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இல்லை. போகும்போது டிஸ்க்கைத் துணியில் சுற்றாமல் அட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். லேபிளைக் கிழிக்காதீர்கள், அதைத்தான் அவர் முதலில் கேட்பார்.